இதே மாதிரி நாலு குடுங்க அக்கா

கிரீஸ் அப்பிய பழைய போல்ட் ஒன்று சன்னல் கம்பி வழியாக முதலில் உள்ளே வரும். பின்னால் ஒரு கை வரும். அதற்கும் பின்னால் ஃபிட்டரின் குரல்: "இதே மாதிரி நாலு குடுங்க அக்கா."

செம்பனை ஆலையில் ஸ்டோர் கிராணியாக எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேனோ. நம்மவர்கள் அக்கா என்பார்கள், இந்தோனேசியப் பையன்கள் காக் என்பார்கள், கேட்பது ஒன்றுதான். பழையதைப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். நீளம் சரி, தடிமன் சரி, நட் ஏறுகிறது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவேன். இதே மாதிரி என்றால் எதில் இதே மாதிரி என்று கேட்கவே தோன்றியதில்லை. ஒரு அக்டோபர் மாதம் கேட்க வைத்தது. அதற்கு முன்னால் அப்பாவின் ஸ்பேனரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவில் இருக்கிற பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றினார்கள். ஏன் மாற்றினார்கள் என்பது மலாய் தெரிந்தவர்களுக்கு விளங்கும். மற்றவர்கள் யாரிடமாவது தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா பால்மரத் தோட்டத்து ஃபேக்டரியில் ஃபிட்டர். இயந்திரங்கள் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தவை. அவருடைய ஸ்பேனர் ஒன்றில் '1/2 டபிள்யூ' என்று பொறித்திருக்கும். ஆறாம் ஆண்டு படிக்கும்போது பள்ளிக்கூட அடிக்கோலை வைத்து அதன் வாயை அளந்தேன். அரை இஞ்சு என்றால் 12.7 மில்லிமீட்டர் என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்த வாரம் அது. ஸ்பேனரின் வாயோ 23 மில்லிமீட்டரையும் தாண்டி நின்றது. "அப்பா, இந்த ஸ்பேனர் பொய் சொல்லுது" என்றேன். அப்பா சிரித்தார். "அது தன் வாயைச் சொல்லலை பாப்பா. எந்த போல்ட்டைத் திருகணுமோ, அதோட தடிமனைச் சொல்லுது" என்றார்.

விட்வொர்த் ஸ்பேனர்களின் வழக்கமே அதுதான். ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1841-இல் தன் திட்டத்தை முன்வைக்கும்வரை ஒவ்வொரு பட்டறையும் போல்ட்டின் திருகு மறையைத் தன் இஷ்டத்துக்கு வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறையின் நட் அடுத்த பட்டறையின் போல்ட்டில் ஏறாது. மறையின் கோணம் 55 டிகிரி, இந்தத் தடிமனுக்கு இஞ்சுக்கு இத்தனை மறை என்று அவர் வரையறுத்தார். அரை இஞ்சுக்கு 12. பிற்பாடு வந்த அமெரிக்க யுஎன்சி மறைக்குக் கோணம் 60 டிகிரி, அரை இஞ்சுக்கு 13. விட்வொர்த் நட்டை யுஎன்சி போல்ட்டில் ஏற்றினால் இரண்டு மூன்று சுற்று நல்ல பிள்ளை போல ஏறும். அப்புறம் இறுகும். ஏறுகிறதே என்று ஸ்பேனரில் குழாயைச் செருகி இழுப்பவர்கள் உண்டு. போல்ட் இறுகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். மறையோடு மறை மல்லுக்கு நிற்கும், தகடுகளோ நடுவில் தளர்ந்து கிடக்கும்.

இதெல்லாம் சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் ஸ்டோரில் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

அந்த அக்டோபரில் குலைகள் குவிந்துகொண்டிருந்தன. கேட்டுக்கு வெளியே லாரிகளின் வரிசை. பழம் கொண்டுபோகும் ஸ்குரூ கன்வேயரில் கியர்பாக்ஸையும் தண்டையும் இணைக்கிற கப்ளிங் ஒன்று உண்டு. இரண்டு வட்டத் தகடுகள், சுற்றிலும் ஆறு எம்16 போல்ட்டுகள், அதாவது 16 மில்லிமீட்டர் தடிமன். ஞாயிறு இரவு அவை அறுந்தன. மாற்றினார்கள். ஒன்பதாம் நாள் மறுபடி அறுந்தன. மாற்றினார்கள். ஐந்தே நாளில் மூன்றாவது தடவை. கன்வேயர் நின்றால் பிரஸ் நிற்கும், பிரஸ் நின்றால் ஆலையே நிற்கும். அடிபட்ட பழம் காத்துக் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். மேலிருந்து கீழ்வரை எல்லாரும் ஃபிட்டரைத் திட்டினார்கள். ஒழுங்காக முறுக்கவில்லையாம்.

மூன்றாம் தடவை அவன் அறுந்த துண்டுகளைப் பழைய நாளிதழில் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்தான். "அக்கா, நான் முறுக்கினதுல தப்பு இல்ல. நீங்களே பாருங்க." இந்தத் தடவை அவன் குரலில் 'நாலு குடுங்க' இல்லை.

டீசலில் கழுவிப் பார்த்தேன். ஆறு தலைகள். ஒன்றிலும் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. மொழு மொழு என்று இருந்தன. போய் அந்த அளவுக்கான பெட்டியை எடுத்துத் தரையில் கொட்டினேன். சிலவற்றின் தலையில் 8.8 என்றும் கூடவே இரண்டு எழுத்தும் இருந்தன. சிலவற்றில் 4.8. பாதிக்கு மேல் வெற்றுத் தலை. சிலவற்றுக்குத் தலைவரை மறை, சிலவற்றுக்குப் பாதிவரை. எல்லாம் ஒரே பெட்டியில். பெட்டியின் அட்டையில் என் சொந்தக் கையெழுத்தில் இருந்தது: 'போல்ட் 16 × 70'. அவ்வளவுதான். கொள்முதல் தாளிலும் அதே வரிதான் போயிருக்கும். குறைந்த விலை சொன்ன கடைக்கு ஆர்டர் போயிருக்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. நான் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்.

எங்கள் உதவி இஞ்சினியர் ஒரு மலாய்ப் பையன். அவரிடம் போய், தலையில் இருக்கிற இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அலமாரியைத் துழாவி ஐஎஸ்ஓ 898-1 என்ற தரநிலையை எடுத்துக் கொடுத்தார். ஆங்கிலம். இரண்டு வாரம் இரவுச் சமையல் முடிந்த பிறகு அடுக்களை மேசையில் அகராதியோடு உட்கார்ந்தேன். ஹாலில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு இந்தக் கதைதான் சுவாரசியமாக இருந்தது.

8.8-இல் இருக்கிற புள்ளி தசமப் புள்ளி இல்லை. இரண்டு எண்களைப் பிரித்து வைக்கிற ஒரு குறி, அவ்வளவே. முதல் எட்டை நூறால் பெருக்கினால் 800. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுத்தால்தான் இரும்பு அறும். இரண்டாவது எட்டு, அதில் பத்தில் எட்டுப் பங்குவரை, அதாவது 640 வரை, இழுத்துவிட்டாலும் போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும் என்பதற்கு. அதற்கு மேல் இழுத்தால் அறாது, ஆனால் நீண்டது நீண்டதுதான், பிடி தளர்ந்துவிடும். எம்16 போல்ட்டின் மறைப் பகுதியில் கணக்குக்கு எடுக்கிற பரப்பு 157 சதுர மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள். 8.8 என்றால் ஒற்றை போல்ட் அறுவதற்குக் கிட்டத்தட்ட 12.8 டன் வேண்டும். அந்தத் தரநிலையின் கடைசிப் படியான 4.6 என்றால் பாதி, 6.4 டன். ஆனால் நீளத் தொடங்குவது 4.6-இல் 3.8 டன்னிலேயே, 8.8-இல் 10 டன்னைத் தாண்டி. என் பெட்டியில் பலமானதும் பலவீனமானதும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன, அடையாளம் தெரியாத இரட்டைப் பிள்ளைகள் போல.

எனக்கு அதிகம் பிடித்தது சோதனைகள் பற்றிய பகுதி. எம்16 8.8 போல்ட்டை 91 கிலோநியூட்டன், அதாவது ஒன்பது டன்னுக்குச் சற்று மேல், இழுத்து 15 விநாடி பிடித்து வைக்கிறார்கள். விட்ட பிறகு அளக்கிறார்கள். முன்பிருந்த நீளமே இருக்க வேண்டும். அளவில் வரக்கூடிய பிழைக்காக அனுமதிக்கிற வித்தியாசம் 12.5 மைக்ரோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. இன்னொரு சோதனையில் தலைக்கு அடியில் சாய்வான ஆப்பு ஒன்றை வைத்து இழுக்கிறார்கள். அறுந்தால் உடலிலோ மறையிலோ அறலாம், தலை கழன்று வரக் கூடாது. கடினத்துக்குக் கீழ் எல்லை மட்டும் இல்லை, மேல் எல்லையும் உண்டு: எம்16 8.8-க்கு விக்கர்ஸ் அளவில் 250 முதல் 320 வரை. கடினம் கூடக்கூட நல்லது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அளவு மீறிய கடினம் கண்ணாடி மாதிரி பட்டென்று போய்விடும். அதனால்தான் இரும்பைக் காய்ச்சிக் குளிரவைத்த பிறகு, குறைந்தது 425 டிகிரியில் மறுபடி பதப்படுத்த வேண்டும் என்கிறார்கள்.

கடைசியில் எனக்கு விடை சொன்னது மிகச் சாதாரணமான ஒரு வரி. எம்5 முதல் அறுகோணத் தலை போல்ட்டுகளில் வகுப்பு எண்ணும் செய்தவரின் குறியும் இருந்தே ஆக வேண்டும். அந்த இரண்டு எழுத்தும் அலங்காரமில்லை, கையொப்பம். வெற்றுத் தலை போல்ட் நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

அறுந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை இஞ்சினியர் கண்டுபிடித்தார். அறுந்தவை எல்லாம் தலைவரை மறை உள்ளவை. ஐஎஸ்ஓ 4017 என்று கேட்டால் அந்த வகை வரும், 4014 என்று கேட்டால் தலைக்குக் கீழே மறையில்லாத உடல் உள்ளது வரும். எங்கள் கப்ளிங் தகடு ஒவ்வொன்றும் 20 மில்லிமீட்டர். வாஷரையும் சேர்த்தால் இரண்டு தகடும் சந்திக்கிற இடம் தலையிலிருந்து 23-ஆவது மில்லிமீட்டர். எம்16 × 70 போல்ட் 4014-இல் மறை 38 மில்லிமீட்டர்தான், மீதி 32 வழவழப்பான உடல். ஆகவே வெட்டு விழுகிற இடத்தில் முழு 16 மில்லிமீட்டர் இரும்பு நிற்கும், பரப்பு 201. தலைவரை மறை உள்ளதில் அதே இடத்தில் 157-தான். போதாததற்கு ஒவ்வொரு மறைப் பள்ளமும் கீறி வைத்தது மாதிரி. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் 'இதே மாதிரி'தான்.

அந்தச் சமயத்தில்தான் விமான விபத்து அறிக்கை ஒன்றைப் படித்தேன். 1990 ஜூன் 10, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390, பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மாலகாவுக்குப் போன விமானம். மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. விமானி இடுப்புவரை வெளியே. பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். எல்லாரும் பிழைத்தார்கள், அந்த விமானியும்தான். முந்தைய நாள்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். 90 போல்ட்டுகளில் 84 தடிமன் குறைந்தவை. குறைவு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மறையின் இடைவெளி ஒன்றாக இருந்ததால் முறுக்கும்போது பிடித்திருக்கின்றன. மீதி ஆறு நீளம் குறைந்தவை.

இரவு வேலையில் இருந்த மேலாளர், கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணால் பார்த்தே அதேபோல் எடுத்திருக்கிறார். இதில் கொடுமை, அந்தப் பழைய போல்ட்டுகளே தப்பானவை. நான் அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்ததற்குக் காரணம் வேறு. ஸ்டோரில் இருந்தவர் அவரிடம், இந்தக் கண்ணாடிக்கு 8டி என்ற எண்ணுள்ள போல்ட் அல்லவா போடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர் கேட்கவில்லை. பழையது 7டி, அதே மாதிரிதான் வேண்டும் என்று இன்னொரு ஸ்டோருக்குப் போய்விட்டார். ஸ்டோர்காரர்கள் பேச்சை யார் கேட்கிறார்கள்!

ஃபிட்டர் தம்பி ஒருநாள் கேட்டான்: "அப்ப எவ்வளவு முறுக்கணும்னு அந்தப் புத்தகத்துல போட்டிருக்கா அக்கா?" இல்லை என்றதும் அவனுக்கு நம்பிக்கையே வரவில்லை. போல்ட் எவ்வளவு தாங்கும் என்று சொல்கிறதே தவிர எவ்வளவு முறுக்க வேண்டும் என்று 898-1 சொல்வதில்லை. முறுக்குவதில் பெரும்பங்கு உராய்வுக்கே போய்விடும். சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிற பிடியாக மாறும். காய்ந்த மறைக்கு எம்16 8.8 என்றால் 210 நியூட்டன்மீட்டர் என்பதுபோல் பட்டியல்கள் கிடைக்கும். எங்கள் ஆலையிலோ காற்றில்கூடச் செம்பனை எண்ணெய் மிதக்கும். எண்ணெய் பட்ட மறையில் அதே 210-ஐக் கொடுத்தால் பிடி நினைத்ததைவிட எங்கேயோ ஏறிவிடும். இப்போது அவனிடம் அளந்து முறுக்குகிற டார்க் ரெஞ்ச் இருக்கிறது, மறையைத் துடைக்கத் துணியும் இருக்கிறது. குழாய் போடுவதை விட்டானா என்று கேட்காதீர்கள்.

புதிதாகத் தெரிந்துகொண்டவனுக்கு வருகிற வியாதி எங்கள் ஆலைக்கும் வந்தது. ஒரு வாரம் எல்லாரும் 12.9 கேட்டார்கள். எட்டைவிடப் பன்னிரண்டு பெரிசு இல்லையா. அவ்வளவு கடினமான இரும்புக்குத் துத்தநாக முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்தால், மாட்டி முறுக்கி வீட்டுக்குப் போன பிறகு, யாரும் தொடாமலேயே தலை தெறித்து விழும். வேறு சிலருக்கு ஸ்டெயின்லெஸ் மோகம். பளபளப்பு, விலையும் அதிகம், ஆகவே பலம் என்று ஒரு நினைப்பு. ஏ2-70 என்பது 700-இல் அறும், 450-லேயே நீளத் தொடங்கிவிடும். கறுத்துக் கிடக்கிற 8.8-க்கு 640. துருப்பிடிக்காது என்பதுதான் அதன் பெருமை. நீராவிப் பக்கம் இன்னொரு கதை. குலைகளை வேகவைக்கிற ஸ்டெரிலைசரில் 3 பார் அழுத்தத்தில் நீராவி 143 டிகிரி. 898-1 பேசுகிற வெப்பமோ 150 டிகிரிவரைதான். கொதிகலனிலிருந்து வரும் குழாய்களின் ஃபிளாஞ்சுகளுக்கு பி7 என்று பொறித்த ஸ்டட், 2எச் என்று பொறித்த நட். அதற்குத் தனி அலமாரி, தனிச் சாவி. சாவி என் இடுப்பில்.

வீல்லோடர் கையேட்டில் 'கிரேடு 8' என்று பார்த்துவிட்டு 8.8 வாங்கிப் போடப் போனார்கள் ஒருமுறை. நல்லவேளை, கேட்டுவிட்டுப் போடலாம் என்று யாருக்கோ தோன்றியது. அமெரிக்கக் கிரேடு 8 நம் 10.9-க்குப் பக்கம், 8.8-க்குப் பக்கத்தில் இருப்பது கிரேடு 5. அவர்கள் தலையில் எண் போடுவதில்லை, கோடு போடுவார்கள். கிரேடு 5-க்கு மூன்று கோடு, 8-க்கு ஆறு. கோட்டை எண்ணி இரண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதை யார் யோசித்தார்களோ.

இப்போது என் அட்டையில் இருக்கிற வரி: 'ஐஎஸ்ஓ 4014, எம்16 × 70, 8.8, நட் ஐஎஸ்ஓ 4032 வகுப்பு 8, வாஷர் 200 எச்வி'. ஹார்ட்வேர் கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, முதலில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறதே என்றார். கடையில் இன்னும் பழைய ஜெர்மன் தரநிலையான டின் எண்களில்தான் பேசுகிறார்கள். 4014-க்கு 931, 4017-க்கு 933. பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் எம்10, எம்12 தலைகளில் கால் இடறும். டின்னில் எம்12-க்கு 19 மில்லிமீட்டர் ஸ்பேனர், ஐஎஸ்ஓவில் 18. ஜப்பான் லாரிகளில் அதே எம்12-க்கு 17. எம்16-க்கு இரண்டிலும் 24 என்பதால் எங்கள் கப்ளிங்குக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்த போல்ட்டுகள் அதன் பிறகு அறவும் இல்லை. ஃபிட்டரிடம் யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. நான் மட்டும் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன்.

போன பங்குனியில் கோயில் பொருளாளர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் துருப்பிடித்த போல்ட் ஒன்று. தேரின் அடிச்சட்டத்தில் சக்கரப் பட்டையைப் பிடிக்கிற போல்ட்டுகளில் நாலைக் காணோமாம். "இதே மாதிரி நாலு இருந்தா குடும்மா."

ஆலைப் பொருளை வெளியே கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு, அப்பாவின் பெட்டியிலிருந்து மறை கேஜை எடுத்தேன். இஞ்சுக்கு 12 இருக்கிற தகடு பல்லோடு பல்லாக உட்கார்ந்தது. அரை இஞ்சு விட்வொர்த். பழைய ரப்பர் ஃபேக்டரியிலிருந்து போனதாகத்தான் இருக்க வேண்டும். அப்பாவே கொடுத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. தவுக்கே கடையில் இது கிடைக்காது. கிடைத்தாலும் யுஎன்சியைத் தலையில் கட்டிவிடுவார்கள். பட்டையின் துளையில் மறை இல்லை, இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருவதுதான். ஒரு தாளில் எழுதினேன்: ஐஎஸ்ஓ, எம்12, 8.8, நட் 8, அகல வாஷர். போல்ட்டும் நட்டும் சேர்த்தே வாங்குங்கள், பழைய நட்டைத் தொடாதீர்கள் என்றேன்.

"சாமி தேருக்குக்கூட நம்பரா?" என்றார்.

"தலையில எழுத்து இல்லாம குடுத்தா வாங்காதீங்கண்ணே."

சனிக்கிழமை மாலை கோயிலிலிருந்து போன். பின்னால் மேளக்காரர்கள் ஒத்திகை பார்க்கிற சத்தம். "ஏம்மா, நீ எழுதினபடியேதான் வாங்கினேன். தலையில 8.8 இருக்கு, எழுத்தும் இருக்கு. ஆனா பத்தொன்பது ஸ்பேனர் போட்டா லொடலொடன்னு ஆடுதே!"

பதினெட்டு ஸ்பேனரை மோட்டார் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.